கதவில் ஒட்டிய கல்லீரல்

முதலிலேயே ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் பட்டப்பெயர் வைத்திருந்தேன். பள்ளியில் வாய் தவறிக்கூட அந்தப் பெயர்களைச் சொன்னதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "ஏங்க, இன்னைக்கு ரேடியோ வாய மூடவே இல்லைங்க" என்று கணவரிடம் ஆரம்பித்துவிடுவேன். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிற மனிதருக்குக் கேட்பதற்கும் ஏதாவது வேண்டுமே.

ரேடியோ மூச்சு விடாமல் பேசுகிறவன். வக்கீல் எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி கேட்கிறவள். இதயம் இடப்பக்கம் இருக்கிறது என்றால், "யாருக்கு இடப்பக்கம் டீச்சர்? எனக்கா, என்னைப் பார்க்கிறவங்களுக்கா?" என்பாள். மூன்றாவது ஆள் கொட்டாவி. கடைசி பெஞ்சு, ஜன்னலோரம். அவன் வாயைத் திறந்தால் அது பெஞ்சு பெஞ்சாக முன்னால் நகர்ந்து வந்து, கடைசியில் கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்கிற எனக்கும் வரும்.

எட்டாம் வகுப்பு பி பிரிவு. முப்பத்தாறு பேர். பாடம் அறிவியல், நேரம் கடைசிப் பீரியட். வெயில் சாய்ந்து ஜன்னல் வழியாக முதுகில் விழும் நேரத்தில் செரிமான மண்டலத்தைக் கேட்டுக்கொண்டு யார்தான் விழித்திருப்பார்கள்? எனக்கே சில நாள் நான் பேசுவது தூரத்தில் யாரோ பேசுவது போல் கேட்கும்.

அந்தத் திங்கட்கிழமை தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். அவர் பழைய கணக்கு டீச்சர். எதையும் எண்ணாமல் விடமாட்டார்.

"உங்க வகுப்பை மூணு நாள் ஜன்னல் வழியாப் பார்த்தேன் டீச்சர். முதல் நாள் பதினஞ்சு பேர் தூங்கினாங்க. ரெண்டாம் நாள் பதினேழு. மூணாம் நாளும் பதினேழு."

"கடைசிப் பீரியட் மேடம்..."

"அதனாலதான் சொல்றேன். ஒரு கம்பெனிக்காரங்க வந்தாங்க. பெரிய திரை, ரெக்கார்டு பண்ணின பாடம், கலர் கலரா படம். அடுத்த பருவத்துலேர்ந்து எட்டு பி அறிவியலைத் திரையே பார்த்துக்கட்டும். அந்த நேரத்துல நீங்க ஸ்டோர் ரூம்ல சாமான் பட்டியலைச் சரிபாருங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "திரைக்கு வக்கீல் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியுமா?" என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். பட்டப்பெயர் ஆயிற்றே. "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் கொடுங்க மேடம்" என்று மட்டும் கேட்டேன்.

"சரி. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் வருவேன். எண்ணுவேன்."

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். சாமான் பட்டியலை நினைத்து இல்லை. பதினாறு வருஷம் கத்திப் பழகிய எனக்கு மௌனமாகக் கண்ணாடிக் குடுவைகளை எண்ணுகிற வேலை பெரிதா என்ன? அந்த முப்பத்தாறு பேரை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. தூங்கினாலும் என் பிள்ளைகள் அல்லவா?

அன்று சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் கொட்டாவியைப் பார்த்தேன். பள்ளியில் அரைக்கண்ணோடு திரிகிறவன் இங்கே அக்காவின் போனைப் பிடித்துக்கொண்டு பரபரவென்று அலைந்துகொண்டிருந்தான். நிழற்குடை விளம்பரத்தில் இருந்த க்யூஆர் கோடு, கடை ஷட்டரில் இருந்தது, கீழே கிடந்த பிஸ்கட் உறையில் இருந்தது, ஒன்றைக்கூட விடவில்லை.

"என்னடா பண்றே?"

"உள்ள என்ன இருக்குன்னு பார்க்கிறேன் டீச்சர்."

"பிஸ்கட்டுக்குள்ள என்ன இருந்துச்சு?"

"கம்பெனி அட்ரஸ்." முகம் தொங்கிப்போய்ச் சொன்னான். சொன்ன கையோடு பக்கத்தில் நின்ற ஆட்டோவின் முதுகில் ஒட்டியிருந்ததை நோக்கி ஓடினான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க இத்தனை ஆசை உள்ளவனையா நான் தினமும் முக்கால் மணி நேரம் தூங்கவைத்துக்கொண்டிருந்தேன்? வெட்கமாக இருந்தது. பேருந்து வருவதற்குள் எனக்கு யோசனை வந்துவிட்டது.

கணவரின் கடையில் ஏற்கெனவே இப்படி ஒரு கோடு உண்டு. அதைச் செய்து தருகிற இலவச வலைத்தளத்தை அவர்தான் காட்டினார். குரலைப் பதிவு செய்து ஏற்றினால் போதும், ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம் வந்துவிடும். அதைக் காகிதத்தில் அச்சடித்து ஒட்டலாம். யாராவது ஸ்கேன் செய்தால் என் குரல் பேசும்.

பள்ளிக் கட்டடத்தையே வயிறும் குடலுமாக ஆக்குவது என்று முடிவு செய்தேன். வாசல் கேட்தான் வாய். மாடிப்படி உணவுக்குழாய். கூட்ட அரங்கு இரைப்பை. முன்னறை, மாடித் தாழ்வாரம், பின் தாழ்வாரம் எல்லாம் சேர்த்துச் சிறுகுடல். அதற்கு ஏழு மீட்டர் நீளம் வேண்டாமா? ஆய்வகம் கணையம். சைக்கிள் நிறுத்துமிடம் பெருங்குடல். பத்தாம் எண்ணை எங்கே ஒட்டினேன் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு கோட்டிலும் ஒன்றரை நிமிஷப் பாடம், முடிவில் ஒரு கேள்வி. விடை தெரிந்தால்தான் அடுத்த கோடு எங்கே இருக்கிறது என்று தெரியும்.

ஏழாம் எண் கல்லீரல். அதை யோசிக்காமல் தலைமையாசிரியை அறைக் கதவில் ஒட்டிவிட்டேன்.

பதிவுகளைச் செவ்வாய் சாயங்காலம் சமையலறையில் வைத்துத்தான் செய்தேன். வேறு நேரம் ஏது? ஒரு கையில் போன், மறு கையில் கத்தி, நறுக்குப் பலகையில் வெங்காயம். கணவர் எதிரே உட்கார்ந்து, பேசாதே என்று சொன்ன நேரமெல்லாம் பேசாமல் இருந்தார்.

புதன்கிழமை ஆய்வக உதவியாளரிடம் போய் நின்றேன். பள்ளியில் டேப் என்கிற கைக்கணினி பன்னிரண்டு உண்டு. மூன்று வருஷமாக அவற்றை அலமாரியில் பூட்டி அடைகாத்துக்கொண்டிருந்தார் மனிதர்.

"கீழ போட்டுட்டாங்கன்னா?"

"என் தலையைக் கொடுக்கிறேன், சார்."

"உங்க தலையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று முணுமுணுத்தபடியே சாவியை எடுத்தார்.

அன்று கடைசிப் பீரியட், தலைமையாசிரியை வெளியே ஒரு கூட்டத்துக்குப் போயிருந்த நேரம். மூன்று பேருக்கு ஒரு டேப். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி விட்டதுதான் தாமதம், வகுப்பு காலி. நான் இரைப்பையில், அதாவது கூட்ட அரங்கில், நின்றுகொண்டேன். மாடிப்படியில் தடதடவென்று சத்தம். வக்கீல் மூச்சிரைக்க ஓடி வந்து வழக்குப் போட்டாள்.

"டீச்சர், உணவுக்குழாய் கீழ இறங்கணும். நம்ம படி மேல ஏறுது. இது தப்பு."

"தலைகீழா நின்னு தண்ணி குடிச்சா அது எங்க போகும்?"

கொஞ்சம் யோசித்தாள். "வயித்துக்குத்தான்."

"ஏன்?"

அவள் பதில் சொல்வதற்குள் பின்னால் வந்த நாலு பேர், "குழாயே பிசைஞ்சு தள்ளும் டீச்சர்!" என்று கத்தினார்கள். கடைசிப் பீரியடில் நாலு பேர் ஒரே நேரத்தில் சரியான விடை கத்திக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று! எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

மணி அடித்துத் திரும்பி வந்தபோது மட்டும் அவர்கள் ஒரு மாதிரி இருந்தார்கள். பத்தாம் எண்ணில் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு வந்தவர்கள், என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கினார்கள். சில பேர் என்னையே உற்றுப் பார்த்தார்கள். ஓடின களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை பெருங்குடல் பாடம். ஆனால் அவர்கள் கேட்டதெல்லாம் கல்லீரல். பித்தநீர் எங்கே தங்கும்? கொழுப்பை அது என்ன செய்யும்? கல்லீரலில் கொஞ்சம் வெட்டி எடுத்தால் மறுபடி வளருமாமே, நிஜமா? ரேடியோ பேசாமல் குறிப்பு எடுத்தான். அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால், நாளைக்கு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று வலைத்தளத்தைத் திறந்து பட்டியலைப் பார்த்தேன். ஒன்று, ஒன்றரை நிமிஷம். இரண்டு, ஒன்றே முக்கால். இப்படியே எல்லாம். ஏழாவது மட்டும் ஆறு நிமிஷம் நாற்பது நொடி.

ஓடவிட்டேன். கல்லீரல் பாடம் நன்றாகத்தான் இருந்தது. கேள்வியும் கேட்டு முடித்தேன். அதற்கப்புறம் பதிவை நிறுத்த மறந்திருக்கிறேன்.

"அப்பாடா, கல்லீரல் முடிஞ்சுது" என்றது என் குரல். வெங்காயம் நறுக்குகிற சத்தம். "வெள்ளிக்கிழமை அந்தம்மா வந்து தலைய எண்ணப் போறாங்க. ஏங்க, அவங்க சிரிச்சு யாராவது பார்த்திருக்காங்களா? சிரிச்சா ஒரு எண்ணிக்கை விட்டுப்போயிடும்னு பயம் போல." கணவரின் சிரிப்பு. "ரேடியோ பேச்ச நிறுத்தினா எனக்குக் காது அடைச்சுக்கும். வக்கீல் கேட்கிற கேள்விக்கு நான் ராத்திரி உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கு, என் காலேஜ்ல கூட நான் அவ்வளவு படிச்சதில்ல. அந்தக் கொட்டாவி இருக்கானே, அவன் கொட்டாவி விடுறத பார்க்கலைன்னா எனக்கு அந்த நாளே முடிஞ்ச மாதிரி இருக்காது. இவங்கள எல்லாம் தூக்கி ஒரு திரைகிட்ட குடுத்துட்டு, என்னைய ஸ்டோர் ரூம்ல போய் உட்காருன்னா..."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"அழறியா?" என்றது கணவரின் குரல்.

"வெங்காயம்."

போனைக் கவிழ்த்து வைத்தேன். பதிவை நீக்கலாம் என்று பார்த்தால், இலவசக் கணக்கில் அதற்கு விண்ணப்பம் எழுத வேண்டுமாம். மூன்று வேலை நாளில் பதில் வருமாம்.

"பதறாதே" என்றார் கணவர். "கேள்வி வந்ததுமே பிள்ளைங்க அடுத்த இடத்துக்கு ஓடியிருக்கும். மீதிய யாரு நின்னு கேட்கப் போறா?"

பிள்ளைகள் ஓடியிருப்பார்கள். ஆனால் தலைமையாசிரியை ஓடுகிறவர் இல்லை. கடைசி நொடி வரை நின்று கேட்டு, எத்தனை நொடி என்றும் எண்ணுவார். காலையில் முதல் வேலையாக அந்தக் காகிதத்தைக் கிழித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை வாட்ச்மேன் கேட்டைத் திறக்கும்போதே நான் உள்ளே நுழைந்தேன். கதவில் ஏழாம் எண் அப்படியே இருந்தது. நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினேன். நான் ஒட்டியதைவிடக் கெட்டியாக, தடியாக இருப்பது போலத் தோன்றியது. அவசரத்தில் யார் அதை யோசித்தார்கள்? பல்லைக் கடித்துக்கொண்டு சுரண்டினேன்.

கதவு உள்பக்கமாகத் திறந்தது.

"என்ன டீச்சர், என் கதவைப் பிறாண்டிட்டு இருக்கீங்க?"

"கோணலா இருக்கு மேடம். நேரா ஒட்டலாம்னு..."

தலைமையாசிரியை குனிந்து பார்த்தார். "நேராத்தானே இருக்கு. விடுங்க. இன்னைக்கு பத்தையும் நானே பார்க்கப் போறேன்."

மூலையைத் தன் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் அன்று நடத்திய மற்ற பீரியடெல்லாம் என்ன பாடம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

கடைசிப் பீரியட். தலைமையாசிரியை ஒரு டேப்பை வாங்கிக்கொண்டு வாசல் கேட்டிலிருந்து தொடங்கினார். மற்றவர்கள் எல்லாம் ஆளுக்கொரு பக்கம் பாய்ந்துவிட்டார்கள். ரேடியோ, வக்கீல், கொட்டாவி மூன்று பேரும் மட்டும் அவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தார்கள். நினைத்தபடியே அவர் ஒவ்வொரு கோட்டையும் முழுக்க நின்று கேட்டார். மாடிப்படியில் அவர் ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டு ஏறியதை நான் பார்த்தேன். ஆறாம் எண்ணை முடித்ததும் நான் குறுக்கே போய் நின்றேன்.

"மேடம், நேரமாகுது. எட்டுக்குப் போயிடலாமா?"

"ஏழைத் தாண்டி எட்டு எப்படி டீச்சர் வரும்?"

தன் அறை வாசலில் வந்து நின்றார். "சரி, இப்ப என் முறை. நான் என்ன உறுப்பு?"

"கல்லீரல், மேடம்!" என்றான் ரேடியோ. "ரொம்ப முக்கியமான உறுப்பு!"

டேப்பைத் தூக்கிப் பிடித்தார். கட்டத்தை அது பிடித்துக்கொண்டதும் டிங் என்று சத்தம் வந்தது. ஸ்டோர் ரூமில் ஜன்னல் உண்டா என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன்.

"வணக்கம்!" என்றது டேப்.

அது என் குரல் இல்லை. ரேடியோவின் குரல்.

"நம்ம உடம்புலயே பெரிய சுரப்பி கல்லீரல். இது பித்தநீர் சுரக்கும்."

"ஏன் சுரக்கணும்?" என்று குறுக்கிட்டது வக்கீலின் குரல். "யார் கேட்டாங்க?"

"நீ சாப்பிடுற எண்ணெய்ப் பலகாரம் கேட்டுச்சு. கொழுப்பை சின்னச் சின்னத் துளியா உடைச்சுக் குடுத்தாத்தான் சிறுகுடல் அத செரிக்க முடியும்."

"சுரந்ததும் உடனே ஊத்திடுமா?"

"இல்ல. பித்தப்பையில சேர்த்து வச்சு, வேணுங்கும்போது அனுப்பும்."

பாடம் முழுதும் இப்படியே போயிற்று. ஒரு தப்புகூட இல்லை. நான் எழுதியிருந்தால் இத்தனை கலகலப்பாக வந்திருக்காது. கடைசியில் கொட்டாவியின் குரல் மெதுவாக, ஆனால் தெளிவாக வந்தது.

"கல்லீரல் ஐநூறு வேலைக்கு மேல செய்யுது. சத்தம் போடாது. வலிச்சாலும் சீக்கிரம் வெளிய காட்டாது. அதனால அது உழைக்கிறது யாருக்கும் தெரியறதில்ல. இந்தப் பாடத்தை உங்களுக்கு வழங்கியவர்கள், ரேடியோ, வக்கீல் மற்றும் கொட்டாவி."

கேட்டிருக்கிறார்கள். கேள்விக்கு அப்புறம் ஓடிவிடவில்லை. வெங்காயம் வரைக்கும் கேட்டிருக்கிறார்கள். கேட்டுவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், எனக்கு ஆபத்து வரக்கூடாது என்று புதிதாக ஒரு பாடமே செய்து, என்னுடையதன் மேல் அதை ஒட்டியிருக்கிறார்கள். காலையில் நகத்துக்குத் தடியாகத் தட்டுப்பட்டது அதுதான். இந்தக் கட்டங்கள் எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருந்து தொலைக்கின்றன, எனக்கு எப்படித் தெரியும்?

தலைமையாசிரியை டேப்பை இறக்கினார். "அது என்ன பேரு, ரேடியோ, வக்கீல்?"

நான் பதில் தேடுவதற்குள் வக்கீல் ஓரடி முன்னால் வந்தாள்.

"எங்க குழுவுல வச்சுக்கிட்ட பேரு மேடம்" என்றாள், நீதிபதி முன்னால் நிற்கிற நிதானத்தோடு.

"இதை நீங்களா செஞ்சீங்க?"

"ஆமா மேடம். நேத்து ஸ்கூல் விட்டதும். லேப் சார்தான் பிரிண்ட் போட்டுக் குடுத்தாரு."

தலைமையாசிரியை கதவில் இருந்த கட்டத்தை மறுபடி குனிந்து பார்த்தார். "ஐநூறு வேலை" என்றார் தனக்குள். "யாருக்கும் தெரியறதில்ல." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "சரியான கதவாப் பார்த்துத்தான் ஒட்டியிருக்கீங்க டீச்சர்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போது என் கிண்டலை நினைத்து எனக்கு உறுத்தியது. அந்த அம்மா என்னைப் போலவே ஒரு நாளில் எத்தனை வேலை பார்க்கிறாரோ, யார் எண்ணினார்கள்?

பத்தாம் எண் வரை பார்த்துவிட்டுத்தான் அவர் தீர்ப்புச் சொன்னார். "எண்ணிட்டேன். தூங்கினவங்க ஒருத்தருமில்ல. அந்தக் கம்பெனிக்குத் திரை வேணாம்னு எழுதிடறேன். எட்டு பி உங்களுக்கே."

வகுப்புக்குத் திரும்பினேன். முப்பத்தாறு பேரும் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இப்படி அடக்கமாக அவர்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கதவைச் சாத்தினேன்.

"எத்தனை பேர் கேட்டீங்க?"

ரேடியோ, "எல்லாரும் டீச்சர். சில பேரு ரெண்டு தடவ" என்றான்.

"பட்டப்பேரு வச்சது என் தப்பு. கோபமா?"

"எனக்கு வக்கீல்ங்கிறது பிடிச்சிருக்கு டீச்சர்" என்றாள் வக்கீல். "ஆனா எனக்கு மட்டும், இவனுக்கு மட்டும்னு வச்சது நியாயமில்ல. மீதிப் பேருக்கும் வைக்கணும்."

வகுப்பு முழுக்க ஆமாம் ஆமாம் என்று கத்தியது. நான் சிரித்துவிட்டேன். "சரி, எனக்கு நீங்க என்ன பேரு வச்சிருக்கீங்க?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது நாங்க வீட்டுல மட்டும் சொல்ற பேரு டீச்சர்" என்றாள் வக்கீல்.

மணி அடித்தது. கூட்டம் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தது. மேஜையில் கிடந்த விடைத்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். நிழல் தட்டியது. நிமிர்ந்தால் வாசலில் கொட்டாவி. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இன்று முழுக்க அவன் ஒரு தடவைகூடக் கொட்டாவிக்கு வாயைத் திறக்கவில்லை.

"என்னடா, பஸ்ஸுக்கு நேரமாகலையா?"

"ஒரு நிமிஷம் டீச்சர்."

பையைக் கீழே வைத்தான். கண்ணை இறுக்க மூடி, இரண்டு கையையும் தலைக்கு மேலே நீட்டி, அண்ணாக்கு தெரிகிற அளவுக்கு வாயைப் பிளந்து, நிதானமாக ஒரு கொட்டாவி விட்டான். முடித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"இப்ப இந்த நாள் முடிஞ்சுதா டீச்சர்?"

"முடிஞ்சுதுடா. போ" என்று சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கும் கொட்டாவிதான் வந்தது.